தீவன உற்பத்தியில் மூலப்பொருள் ஜாபிதாவும் கணினிக் கணக்கும்

நம் நாட்டில் கல்யாணம் நிச்சயமானதும் தலைமைச் சமையற்காரரை அழைத்து, இத்தனை பேருக்கு இத்தனை வேளை என்று சொல்லி, மளிகை ஜாபிதா எழுதி வாங்குவது வழக்கம். அரிசி இத்தனை மூட்டை, பருப்பு இத்தனை கிலோ, பெருங்காயம் இத்தனை கிராம் என்று அவர் எழுதித் தருவதை வைத்துக்கொண்டே கடைக்கு ஆள் போகிறது, செலவு மதிப்பிடப்படுகிறது, உக்கிராண அறையிலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கப்படுகிறது. அந்த ஜாபிதாவில் பிழை இருக்குமாயின், அது பந்தியிலேயே வெளியாகும். அப்பொழுது திருத்திக்கொள்ள அவகாசம் இராது.

எந்த உற்பத்தித் தொழிலுக்கும் இத்தகைய ஜாபிதா ஒன்று அஸ்திவாரமாக இருக்கிறது. விவசாயிகள் விளைபொருளை அப்படியே விற்பதோடு நில்லாமல், எண்ணெய் ஆட்டுதல், மாவு அரைத்தல், கால்நடைத் தீவனம் கலத்தல் முதலிய தொழில்களில் இறங்குவது இப்பொழுது அதிகரித்து வருகிறது. 2002-ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டதன் பயனாக, உற்பத்தியாளர்களே பங்குதாரராயிருக்கும் கம்பெனிகளை அமைக்க வழி ஏற்பட்டது. 2020-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உண்டாக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. இத்தகைய ஸ்தாபனங்களில் பல, கணக்குகளைக் கணினியில் வைத்து வருகின்றன. வரவு செலவைக் கவனமாக எழுதுவோரும், உற்பத்திக்கு அடிப்படையான ஜாபிதாவை ஏதோ ஒரு நாள் எழுதிவிட்டு மறந்துவிடுவதுண்டு. அதனால் விளையும் கேடுகளையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜாபிதா என்பது யாது?

ஒரு பொருளை ஒரு குறித்த அளவு தயாரிப்பதற்கு எந்தெந்தப் பொருள்கள், எந்தெந்த அளவில் வேண்டும் என்பதைக் காட்டும் பட்டியலே மூலப்பொருள் ஜாபிதாவாகும். தொழிற்சாலைகளில் இதனை ‘பில் ஆப் மெட்டீரியல்ஸ்’ என்றும், சுருக்கமாக ‘பி.ஓ.எம்.’ என்றும் வழங்குவர். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியார், ராக்வெல், காட்டர்பில்லர் ஆகிய கம்பெனியாருடன் சேர்ந்து ஒரு தகவல் நிர்வாக மென்பொருளை உருவாக்கத் தொடங்கினர். சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ விமானத்துக்கும் அதனை ஏந்திய சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்கும் உரிய எண்ணற்ற உறுப்புகளின் ஜாபிதாவைப் பராமரிப்பதே அதன் நோக்கமாயிருந்தது. ஜாபிதாவையும் கையிருப்பையும் ஒப்பிட்டு எப்பொழுது எதை வாங்க வேண்டும் எனக் கணக்கிடும் முறையை விளக்கி, ஜோசப் ஆர்லிக்கி என்பவர் 1975-ல் ஒரு நூல் வெளியிட்டார். பெரிய ஆலைகளுக்கென ஏற்பட்ட அம்முறை இன்று சிறு ஸ்தாபனங்களுக்கும் எட்டியுள்ளது. பெங்களூரில் தோன்றிய டேலி, மும்பையில் தோன்றிய இ.ஆர்.பி.நெக்ஸ்ட் முதலிய மென்பொருள்களில் ஜாபிதா எழுதி வைக்கும் வசதி இருக்கிறது.

விஷயம் எளிதில் விளங்கும் பொருட்டுக் கறவை மாட்டுத் தீவனத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 100 கிலோ தீவனத்துக்குப் பின்கண்டவாறு ஜாபிதா இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இது கணக்கை விளக்குவதற்கு மட்டுமே. கலவை விகிதத்தைக் கால்நடை உணவு நிபுணரிடம் கேட்டே நிச்சயிக்க வேண்டும்.

மக்காச்சோளம் – 30 கிலோ
கடலைப் பிண்ணாக்கு – 30 கிலோ
எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு – 20 கிலோ
கோதுமைத் தவிடு – 12 கிலோ
முன்கலவை – 8 கிலோ

ஜாபிதாவுக்குள் ஜாபிதா

மேற்கண்டவற்றில் முன்கலவை என்பது கடையில் வாங்கும் பொருளன்று. தாது உப்புக் கலவை 2 கிலோவையும் சமையல் உப்பு 1 கிலோவையும் நேரே பெருங்குவியலில் கொட்டினால் அவை எங்கும் சமமாகப் பரவா. ஆகையால் 5 கிலோ கோதுமைத் தவிட்டுடன் அவற்றை முதலில் நன்கு கலந்து, பின்னர் அந்த 8 கிலோவைப் பெருங்கலவையில் சேர்ப்பர். எனவே முன்கலவைக்கு ஒரு தனி ஜாபிதா வேண்டும். அது தீவன ஜாபிதாவுக்குக் கீழ் அடங்கியிருக்கும்.

இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அமைவதில் ஒரு நுட்பம் உண்டு. மேல் ஜாபிதாவை மட்டும் பார்த்தால் கோதுமைத் தவிடு 12 கிலோ என்றே தோன்றும். முன்கலவைக்குள் மறைந்திருக்கும் 5 கிலோவையும் சேர்த்தால் 17 கிலோ ஆகும். 5,000 கிலோ தீவனத்துக்கு உத்தரவு வந்திருக்குமாயின், தேவைப்படும் கோதுமைத் தவிடு 600 கிலோ அன்று, 850 கிலோ. மென்பொருள் கீழ் ஜாபிதாக்களையும் விரித்துக் கூட்டி, மக்காச்சோளம் 1,500, பிண்ணாக்கு 1,500, அரிசித் தவிடு 1,000, கோதுமைத் தவிடு 850, தாது உப்பு 100, உப்பு 50 கிலோ எனக் காட்டும். கிடங்கில் 600 கிலோ மக்காச்சோளம் இருப்பதாகப் பதிவு இருந்தால், 900 கிலோ வாங்கினாற் போதும் என்றும் சொல்லும். இந்த வேலையைக் கையால் செய்தால் அரை நாள் பிடிக்கும். கணினி ஒரு நொடியில் செய்துவிடும்.

ஆனால் தாது உப்பை முன்கலவை ஜாபிதாவிலும் எழுதி, மறதியாக மேல் ஜாபிதாவிலும் எழுதிவிட்டால், அதே நொடியில் அதனை இரட்டித்தும் காட்டிவிடும். ஒரு பொருள் ஓரிடத்தில் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறதா என்பதை விரித்த பட்டியலை அச்சிட்டுப் பார்த்து நிச்சயித்துக்கொள்வது நலம். சாக்கு, தையல் நூல், முத்திரைச் சீட்டு ஆகியவையும் ஜாபிதாவில் இடம்பெற வேண்டும். 5,000 கிலோவை 50 கிலோ மூட்டைகளாகக் கட்ட 100 சாக்குகள் வேண்டும். தீவனம் தயாராகியும் சாக்கு இல்லாமல் வண்டியை நிறுத்தி வைப்பது ஜாபிதாவின் குறைபாடேயன்றி வேறன்று.

அளவும் அலகும்

ஜாபிதாவில் நேரும் பிழைகள் இருவகைப்படும்: கூச்சலிடும் பிழை, மௌனமாயிருக்கும் பிழை. 100 கிலோவுக்கு உரிய அளவுகளை எழுதிவிட்டு, ‘இது எத்தனை கிலோவுக்கு?’ என்னும் கட்டத்தில் 1 என்று விட்டுவிட்டால், மென்பொருள் நூறு மடங்கு சரக்கு வாங்கச் சொல்லும். எவரும் அதைக் கண்டு நகைத்து உடனே திருத்திவிடுவர். இது கூச்சலிடும் பிழை.

தாது உப்பை 2 கிலோ என்பதற்குப் பதில் 2 கிராம் என்று எழுதிவிட்டால் நிலைமை வேறு. விலைக் கணக்கில் சிறு வித்தியாசமே தெரியும், கொள்முதல் பட்டியலில் ஒரு வரி சுருங்கியிருக்கும், ஒருவரும் கவனியார். கலவை ஆட்கள் அனுபவசாலிகளாயிருந்து பழைய அளவிலேயே கலந்தால், கிடங்கில் உப்பு குறைய, கணக்கில் குறையாது நிற்கும். அவர்கள் புதியவர்களாயிருந்து அச்சுச் சீட்டின்படியே கலந்தால், தாது உப்பு இல்லாத தீவனம் மாதக்கணக்கில் வெளியே போகும். மாடுகள் தக்க பருவத்தில் சினைக்கு வாராமலும், பால் குறைந்தும் போன பிறகே விவசாயி காரணத்தைத் தேடத் தொடங்குவார். ஜாபிதாவில் ஒரு சொல் பிழையாயிருந்தது என்பது அவருக்கு எவ்விதம் தெரியும்?

ஆகையால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே அலகை நிர்ணயிப்பதும், வாங்கும்பொழுது மூட்டை, கலக்கும்பொழுது கிலோ என்று இரண்டு அலகு வேண்டுமாயின் ஒரு மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதைப் பதிந்து வைப்பதும் அவசியம்.

சேதாரமும் ஈரமும்

கையிட்ட பொருள் முழுவதும் சரக்காக வெளிவருவதில்லை. அரைக்கும்பொழுது தூசியாகவும், உலரும்பொழுது ஈரமாகவும் ஒரு பாகம் குறையும். இதைக் கணக்கிடுவதில் பலரும் ஒரு தவறு செய்கின்றனர். 100-க்கு 10 வீதம் சேதாரமானால், 1,000 கிலோ சரக்குக்கு 1,100 கிலோ இட்டாற் போதும் என்று கருதுகின்றனர். 1,100-ல் 10 வீதம் கழிந்தால் மிஞ்சுவது 990 கிலோவே. 1,000-ஐ 0.9-ஆல் வகுத்து, 1,111 கிலோ என்று கொள்வதே சரி.

ஈரத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. கால்நடைத் தீவனத்துக்கான ஐ.எஸ். 2052 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தின்படி, தீவனத்தில் ஈரம் 100-க்கு 11-க்கு மேற்படலாகாது. 16 வீதம் ஈரமுள்ள மக்காச்சோளம் 100 கிலோ வாங்கி, 11 வீதத்துக்கு உலர்த்தினால், 5 கிலோ குறைந்து 95 கிலோ மிஞ்சும் என்று எண்ணக்கூடாது. ஈரம் நீங்கலாக உள்ள தானியம் 84 கிலோ. உலர்ந்த பின் அது மொத்தத்தில் 89 வீதமாக இருக்கும். எனவே மிஞ்சுவது சுமார் 94.4 கிலோ. வித்தியாசம் அற்பமாகத் தோன்றினாலும், வருஷம் முழுவதும் கணக்குக்கும் கிடங்குக்கும் இடையே வரும் குறைவுக்கு இதுவே காரணமாகலாம். அந்தக் குறைவுக்காகக் குற்றமற்ற கிடங்குச் சிப்பந்தியின் மீது சந்தேகம் விழவும் கூடும்.

உபபொருளை மறவாமை

கடலை எண்ணெயும் ஆட்டித் தீவனமும் கலக்கும் ஸ்தாபனத்தில், எண்ணெயின் ஜாபிதாவில் பருப்பை மட்டும் எழுதினாற் போதாது. 100 கிலோ பருப்பை ஆட்டி 42 கிலோ எண்ணெயும் 55 கிலோ பிண்ணாக்கும் கிடைத்து, 3 கிலோ கழிந்தது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பிண்ணாக்கை உபபொருளாக அதே ஜாபிதாவில் காட்ட வேண்டும். காட்டாவிடில் பருப்பின் விலை முழுவதும் எண்ணெயின் தலையில் விழும். எண்ணெயில் நஷ்டம் என்றும், தீவனத்தில் பெரும் இலாபம் என்றும் பொய்த் தோற்றம் ஏற்பட்டு, நல்ல தொழிலை நிறுத்திவிடத் தோன்றும். செக்கின் உபபொருளே தீவனத்தின் மூலப்பொருள் என்பதை இரண்டு ஜாபிதாக்களும் ஒத்துக் காட்ட வேண்டும்.

மாறுதலும் இலக்கமும்

பிண்ணாக்கு விலை ஏறிவிட்டால் வேறு பிண்ணாக்குச் சேர்ப்பதும், தவிட்டின் அளவைக் கூட்டுவதும் சகஜம். அப்பொழுது ஜாபிதாவை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் பழைய ஜாபிதாவை அழித்து அதன்மேல் எழுதுவது பெருந்தவறு. கிராம நிர்வாக அலுவலர்கள் இதனை நன்கு உணர்வர். சர்வே எண் 125 உள்ள புலம் இரண்டாகப் பிரிந்தால், பழைய பதிவைச் சுரண்டிவிட்டு எழுதுவதில்லை; 125/1, 125/2 என்று உட்பிரிவு எண் கொடுத்து, எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் பிரிந்தது என்பதையும் குறிக்கிறோம். பிற்காலத்தில் வழக்கு வந்தால் அந்தப் பதிவே சாட்சியாக நிற்கிறது.

ஜாபிதாவுக்கும் இதே முறை பொருந்தும். இ.ஆர்.பி.நெக்ஸ்ட் மென்பொருளில் ஒரு ஜாபிதாவை உறுதிசெய்து சமர்ப்பித்த பின் அதிலுள்ள பொருள்களையும் அளவுகளையும் திருத்த இயலாது. மாறுதல் வேண்டுமாயின் அடுத்த இலக்கமிட்ட புதிய ஜாபிதா எழுத வேண்டும். பழையது நடைமுறையிலிருந்து நீக்கப்பட்டாலும் பதிவில் நிற்கும். முன்கலவையின் ஜாபிதா மாறினால், அதனை உபயோகிக்கும் எல்லாத் தீவன ஜாபிதாக்களிலும் பழையதற்குப் பதிலாகப் புதியதை ஒருங்கே மாற்றிவிடவும் வசதி உண்டு. மூன்று மாதத்துக்கு முன் விற்ற மூட்டையைப் பற்றி ஒரு விவசாயி புகார் கொண்டுவந்தால், அந்த மூட்டை எந்த ஜாபிதாவின்படி கலக்கப்பட்டது என்பதை இதனால் எடுத்துக் காட்ட முடியும். அழித்தெழுதும் வழக்கமுள்ள இடத்தில் அதற்கு விடையே கிடையாது.

நகல் எடுப்பதில் எச்சரிக்கை

ஒரு ஜாபிதாவை நகல் எடுத்துச் சிறிது மாற்றிப் புதியதொன்று தயாரிப்பது மென்பொருளில் மிகச் சுலபம். அந்தச் சுலபத்திலேயே அபாயமும் இருக்கிறது. வளர்ந்த மாடுகளுக்குரிய தீவனத்தில் புரதத்துக்கு ஈடாக யூரியாவைச் சிறிதளவு, 100-க்கு 1-க்கு மேற்படாமல், சேர்ப்பதுண்டு. மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புரதமாக்கிக்கொள்கின்றன. அந்த இரைப்பை முதிராத இளங்கன்றுகளுக்கு யூரியா கலந்த தீவனம் கொடுக்கலாகாது. கறவைத் தீவன ஜாபிதாவை நகல் எடுத்து, பெயரை மட்டும் ‘கன்றுத் தீவனம்’ என மாற்றி, யூரியா வரியை நீக்க மறந்துவிட்டால், விளைவு என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. நகல் எடுத்த ஜாபிதாவை ஒவ்வொரு வரியாக வாசித்து, இந்தப் பொருள் இங்கே ஏன் இருக்கிறது என்று கேட்ட பிறகே உறுதிசெய்ய வேண்டும்.

மாற்றுப் பொருள்களுக்கும் இஃது ஒக்கும். ஒரு பொருள் கிடைக்காதபொழுது அதற்குப் பதிலாக எதை இடலாம் என்பதை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். எனினும் எடைக்கு எடை சரியாயிருப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கடலைப் பிண்ணாக்கில் புரதம் 100-க்கு சுமார் 40 வீதம் உண்டு. தவிட்டில் அதிற் பாதிகூட இல்லை. மேற்சொன்ன தர நிர்ணயம் முதல் வகைத் தீவனத்தில் 22 வீதமும் இரண்டாம் வகையில் 20 வீதமும் குறைந்தபட்சப் புரதம் கேட்கிறது. மாற்றுப் பொருளை ஜாபிதாவில் ஏற்றுமுன் நிபுணரின் சம்மதம் பெறுவது கடமையாகும்.

விலைக் கணக்கு

ஜாபிதா சரியாயிருந்தாலும், அதிலுள்ள விலைகள் பழையனவாயிருந்தால் பயன் குன்றும். கடலைப் பிண்ணாக்கு கிலோவுக்கு 5 ரூபாய் ஏறியதாக வைத்துக்கொள்வோம். 100 கிலோ தீவனத்தில் 30 கிலோ பிண்ணாக்கு இருப்பதால் அடக்க விலை 150 ரூபாய் உயரும். 50 கிலோ மூட்டைக்கு 75 ரூபாய். வாரம் 200 மூட்டை விற்கும் ஸ்தாபனம் விலையைத் திருத்தாமல் விட்டால், வாரத்துக்கு 15,000 ரூபாய் பங்குதாரர்களின் கையிலிருந்து போகும். மென்பொருளில் கடைசியாக வாங்கிய விலையையோ, கையிருப்பின் மதிப்பையோ, ஒரு நிலையான விலைப் பட்டியலையோ அடிப்படையாகக் கொள்ளலாம். எதைக் கொண்டாலும், மாதம் ஒருமுறையேனும் அடக்க விலையைப் புதுப்பித்துப் பார்க்க வேண்டும். மின்சாரம், கூலி, யந்திரத் தேய்மானம் ஆகியவற்றையும் சேர்த்தாலன்றி அடக்க விலை முழுமை பெறாது.

பொறுப்பு யாருடையது?

ஜாபிதாவைக் கணினியில் ஏற்றுபவர் கணக்கராயிருக்கலாம். ஆனால் அதன் பொறுப்பு அவருடையது மட்டுமன்று. கலவை விகிதத்துக்கு நிபுணரும், உண்மையில் ஆகும் சேதாரத்துக்கு ஆலை மேற்பார்வையாளரும், விலைக்குக் கொள்முதல் செய்பவரும் சாட்சி சொல்ல வேண்டும். மூவரும் பார்த்த பின் ஒருவர் உறுதிசெய்ய வேண்டும். எழுதுபவரே உறுதிசெய்பவராகவும் இருத்தல் கூடாது.

கடைப்பிடிக்கத் தக்க முறைகள் வருமாறு:

1. ஒவ்வொரு ஜாபிதாவும் எத்தனை கிலோவுக்கு என்பதை முதலில் எழுதுக.
2. பொருள்களின் எடைக் கூட்டுத்தொகை, சேதாரம் போக, அந்த அளவுக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்க.
3. புதிய ஜாபிதாவை நடைமுறைக்குக் கொண்டுவருமுன், ஒரு சிறு கலவையை நேரில் எடைபோட்டுக் கலந்து ஒப்பிடுக.
4. மாறுதல் செய்தால் புதிய இலக்கம், தேதி, காரணம் மூன்றையும் பதிக.
5. மாதம் ஒருமுறை கிடங்கிலுள்ள சரக்கை எடைபோட்டுக் கணக்குடன் ஒப்பிடுக. ஒரே பொருளில் மாதந்தோறும் ஒரே திசையில் வித்தியாசம் வருமாயின், ஆளைச் சந்தேகிக்குமுன் ஜாபிதாவைச் சந்தேகிக்க.

அடங்கலில் பயிர் தவறாகப் பதிவானால், பயிர்க் காப்பீடும் நெல் கொள்முதலும் தவறிப் போவதை நாம் அறிவோம். பதிவு ஒன்று, அதைப் பின்பற்றும் காரியங்கள் பல. மூலப்பொருள் ஜாபிதாவும் அத்தகையதே. கணினி கூட்டும், பெருக்கும், விரித்துக் காட்டும். எழுதிக் கொடுத்தது மெய்யா பொய்யா என்று மட்டும் அது கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் ஸ்தாபனத்தின் பங்குதாரர்களாகிய விவசாயிகளே. அடுத்த பொதுக்கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கோடு, நடைமுறையிலுள்ள ஜாபிதாவையும் மேஜைமீது வைக்கும்படி அவர்கள் கேட்பார்களாயின், நஷ்டத்துக்கு இடமான பல காரணங்கள் அன்றே வெளிப்பட்டு, மாடும் மாட்டை நம்பிய குடும்பமும் நலம் பெறுவதற்கு ஏதுவாகும்.